கடல் கடந்து வந்த சித்திரக்காரர்: தாமஸ் டேனியல் சரித்திரம்

லண்டன் மாநகரத்து டேட் சித்திரசாலையின் சேகரத்தில் வயோதிகர் ஒருவரின் உருவப்படம் இருக்கின்றது. அதனை எழுதியவர் ஸ்காத்லாந்து தேசத்திற் பிறந்து புகழெய்திய ஸர் டேவிட் வில்கி என்னும் சித்திரக்காரர். 1838-ம் ஆண்டில் ராயல் அகாடமி என்னும் கலைக்கழகத்தார் நடத்திய காட்சியில் அப்படம் வைக்கப்பெற்றது. படத்துக்குரிய பெரியாருக்கு அப்பொழுது ஏறக்குறைய 89 பிராயம். அவர் கப்பலோட்டியவரல்லர், கடற்படையிற் சேவித்தவருமல்லர். எனினும், பாய்மரக் கப்பலன்றி வேறு கதியில்லாத காலத்தில், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து, சீன தேசத்தை இருமுறை எட்டி, வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அலைந்து, ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாய்நாட்டைப் பிரிந்திருந்தவர். மாலுமியென்னும் பெயரில்லாத அம்முதிய கடலோடியின் நாமம் தாமஸ் டேனியல்.

இவருடைய சரித்திரத்தை நம் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணமுண்டு. இந்தியாவெங்கும் சுற்றிய இப்பெரியார் 1792-ம் ஆண்டில் நம்முடைய மலைகளினூடே பிரயாணஞ் செய்து, அவற்றை நீர்வர்ணத்தில் எழுதிச் சென்றார். அந்நாளில் இந்நிலப்பரப்புக்குப் பாராமகால் என்று பெயர். 1965-ம் ஆண்டில் சேலத்தினின்றும் பிரிந்து தருமபுரி மாவட்டமாகி, மீண்டும் 2004-ம் ஆண்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் வேறாகப் பிரிக்கப்பெற்ற பகுதியே அதன் பெரும்பாகம். அதியமான் ஆண்ட தகடூர் நாடென்று சங்க நூல் கற்ற மாணவர் இதனை நன்கறிவர். ஆனால் இரு நூற்றாண்டுகளுக்கு முன் நம் குன்றுகள் எத்தோற்றத்தோடு விளங்கின என்பதைக் கண்ணாற் காணவேண்டுமாயின், அந்நியர் ஒருவர் எழுதிய படங்களையே நாடவேண்டியிருக்கின்றது. அவ்வந்நியர் யார், எவ்வாறு இங்கு வந்தார், எதைக் கண்டார், எதைக் காணாது விட்டார் என்பவற்றை ஒருவாறு ஆராய்வோம்.

தாமஸ் டேனியல் 1749-ம் ஆண்டில் இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிங்ஸ்டன் என்னும் ஊரிற் பிறந்தார். இவர் தந்தையார் ஒரு விடுதி நடத்தியவர். பொருள் மிக்க குடும்பமன்று. ஆகவே இவர் இளமையிலேயே கோச்சு வண்டி செய்வாரிடம் தொழில் பழக விடப்பட்டார். செல்வர்களுடைய வண்டிக் கதவுகளிற் குலச்சின்னங்களும் பூங்கொடிகளும் எழுதுவது அக்காலத்து நற்றொழில்களுள் ஒன்று. வண்டிக்கு வர்ணம் பூசிய அக்கையே பின்னர்ச் சித்திரத்திற் புகுந்தது. 1773-ம் ஆண்டில் ராயல் அகாடமியின் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, மலர்களையும் நிலக்காட்சிகளையும் எழுதி வந்தார். ஆயினும் லண்டனில் நிலக்காட்சி எழுதுவோர் பலர்; வாங்குவோர் சிலர். முப்பத்தைந்து பிராயமாகியும் அவர் பெயரை அறிந்தார் மிகச் சிலரே.

இந்நிலையில் இவருக்கு ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்திருந்தது. 1779-ம் ஆண்டில் இவருடைய சகோதரர் இறக்கவே, அவர் புதல்வனாகிய வில்லியம் என்னும் பத்து வயதுச் சிறுவனைத் தம்மிடம் வைத்து வளர்க்கலானார். தாமஸ் விவாகஞ் செய்துகொள்ளவில்லை. அச்சிறுவனே அவருக்கு மகனும் மாணாக்கனும் பிற்காலத்திற் கூட்டாளியுமானான்.

அக்காலத்தில் இந்தியாவைச் சீமையார்க்குப் படங்களால் அறிமுகஞ் செய்தவர் வில்லியம் ஹாட்ஜஸ் என்பவர். இவர் காப்டன் குக்கின் இரண்டாம் கடற்பிரயாணத்திற் சித்திரக்காரராகச் சென்று தென்கடல்களைக் கண்டவர். பின்பு 1780 முதல் 1783 வரை இந்தியாவில் தங்கியவர். அவருடைய முயற்சியைக் கண்ட தாமஸ், தாமும் கீழ்த்திசை செல்லத் துணிந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அனுமதியின்றி அந்நாளில் எவரும் இந்தியாவில் வந்து தொழில் செய்தல் கூடாது. சித்திரம் செதுக்குபவராக இவரும், உதவியாளனாக வில்லியமும் வர அனுமதி கிடைத்தது. 1785-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ம் தேதி அட்லாஸ் என்னும் கப்பலில் இருவரும் புறப்பட்டனர். தாமஸுக்கு வயது முப்பத்தைந்து கடந்திருந்தது. வில்லியமுக்குப் பதினாறுகூட நிறையவில்லை. கப்பல் நேரே இந்தியா வரவில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஜாவாத் தீவைக் கடந்து, ஆகஸ்டு மாதத்திற் சீனத்துக் காண்டன் துறையை அடைந்தது. அங்கிருந்து வேறு கப்பலேறி, 1786-ம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தனர்.

கல்கத்தாவில் இவர்கள் மேற்கொண்ட முதல் வேலை அந்நகரத்துக் காட்சிகள் பன்னிரண்டை அச்சிட்டு வெளியிடுவதாகும். அச்சுமுறையை இங்கு விளக்குதல் பயன்படும். செப்புத் தகட்டின்மேற் குங்கிலியப் பொடியைப் படியவைத்துச் சூடாக்கித் திராவகத்திலிட்டால், பொடித் துகள்களின் இடையிடையே செம்பு அரிக்கப்பட்டு நுண்ணிய குழிகள் உண்டாகும். வெளுப்பாக நிற்கவேண்டிய இடங்களை வார்னிஷ் பூசி மறைத்து, மற்றவிடங்களை மேலும் மேலும் திராவகத்திலிட, குழிகள் ஆழமாகி மையை மிகுதியாகக் கொள்ளும். இவ்வாறு வெயிலும் நிழலும் படிப்படியாக மாறுந் தோற்றத்தை அச்சிற் கொண்டுவரலாம். அச்சான பின்னர்த் தாள்தோறும் நீர்வர்ணத்தைத் தூரிகையால் தீட்டுவர். இத்தொழிலுக்கு வேண்டிய ஆட்களும் கருவிகளும் அன்று கல்கத்தாவில் எளிதிற் கிடைக்கவில்லை. ஆதலால் சித்திரக்காரரும் செதுக்குபவரும் செம்புத் தொழிலாளரும் அச்சடிப்பவரும் தாமேயாக வேண்டியிருந்தது என்று தாமஸ் நண்பரொருவருக்கு எழுதித் துயருற்றார். இந்நாட்டுக் கைவினைஞர் சிலரைப் பழக்கி, அவர் துணைகொண்டே 1788-ம் ஆண்டில் வேலையை முடித்தார். படங்களின் அடியில் டேனியல் என்னும் பெயர் நிற்கின்றது. அத்தொழிலாளர் பெயர்களை எங்கும் காணோம்.

அதன்பின் இருவரும் கங்கை வழியே வடக்கு நோக்கிச் சென்றனர். காசி, ஆக்ரா, டில்லி முதலிய நகரங்களைக் கண்டு, 1789-ம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கார்வால் நாட்டு ஸ்ரீநகர் வரை ஏறினர். ஹாட்ஜஸின் படங்களை உடன்கொண்டு சென்று, அவர் நின்ற இடங்களில் தாமும் நின்று ஒப்பிட்டனர். அவை உண்மையினின்றும் பெரிதும் விலகியிருக்கக் கண்டனர். ஹாட்ஜஸ் தம் மனத்தில் எழுந்த உணர்ச்சியை எழுதியவர். டேனியல்களோ கண்ணுக்குப் புலப்பட்ட அளவையே எழுத முயன்றவர்கள். இதற்கு ஒரு பெட்டியையும் துணைக்கொண்டனர். இருண்ட பெட்டியின் ஒரு புறத்திற் கண்ணாடிவில்லை பொருத்தினால், எதிரிலுள்ள காட்சியின் உருவம் உள்ளே விழும். அதன்மேற் பென்சிலால் வரைந்துகொண்டால் அளவு பிழையாது. புகைப்படக் கருவி தோன்றுவதற்கு முன் அதன் வேலையில் ஒரு பாதியை இப்பெட்டி செய்தது. மற்றொரு பாதியைத் தூரிகை செய்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவில் தம் எண்ணெய் வர்ணப் படங்களைக் குலுக்குச் சீட்டு முறையில் விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு, 1792-ம் ஆண்டு மார்ச்சு மாதம் கப்பலேறி, அம்மாத இறுதியிற் சென்னை சேர்ந்தனர். அப்பொழுதுதான் மூன்றாம் மைசூர் யுத்தம் முடிந்திருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் தம் இராச்சியத்திற் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பாராமகால் கம்பெனியார் வசமாயிற்று. காப்டன் அலெக்ஸாந்தர் ரீடும், பின்னாளிற் சென்னைக் கவர்னராகிய தாமஸ் மன்றோவும் இங்கு வரி ஏற்பாடு செய்ய வந்ததும் அவ்வாண்டிலேயே. உடன்படிக்கையின் ஈரம் உலருமுன், ஏப்ரல் மாதத்தில், டேனியல்கள் சென்னையினின்றும் புறப்பட்டுப் பல்லக்குகளிலும் குதிரைகளிலும் மேற்கு நோக்கி வந்தனர். சேனைகள் சென்ற பாதையே இவர்களுக்கும் பாதையாயிற்று.

அந்த யுத்தத்தைப் படமெழுதியவர் இவர்கள் மாத்திரமல்லர். ராபர்ட் ஹோம் என்னும் சித்திரக்காரர் கார்ன்வாலிஸ் பிரபுவின் சேனையோடு வந்து எழுதிய மைசூர்க் காட்சிகள் 1794-ம் ஆண்டில் வெளிவந்தன. சேனையைச் சார்ந்தோர் எழுதிய படங்களில் கோட்டையே தலைமை பெறும். எப்புறம் சுவர், எப்புறம் வாயில் என்பதே அவர்க்கு முக்கியம். டேனியல்களோ மலைக்கே முதலிடம் தந்தனர். ராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜகதேவி, ஓசூர் ஆகிய இடங்களை இவர்கள் எழுதிய படங்கள் பின்னர் அச்சேறின. அவற்றிற் பெரும்பாறை வானளாவி எழுகின்றது. அதன் உச்சியிலுள்ள கோட்டைச் சுவர், பாறையோடு ஒன்றிய கோடாகத் தோன்றுகின்றது. மனிதர் அடிவாரத்தில் எறும்பளவினராய் நிற்கின்றனர். நம் மலைகளை நாள்தோறும் காணும் நமக்கு அவற்றின் பேருருவம் பழகிப்போயிற்று. கடல் மட்டத்தையே பல மாதம் பார்த்து வந்த ஒருவருக்கு அவை எவ்வளவு வியப்பை அளித்திருக்கும் என்பதை அப்படங்கள் காட்டுகின்றன.

ஆயினும் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. ராயக்கோட்டை பிடிபட்டது 1791-ம் ஆண்டில். டேனியல் அதனை எழுதியது அடுத்த ஆண்டில். சேனைகள் மாறிமாறி நடந்த நிலத்திற் குடிகள் பட்ட பாடு சிறிதாயிராது. அமைதி தவழும் அப்படங்களில் அதன் சுவடு தோன்றவில்லை. டேனியல் பொய் எழுதினாரல்லர். பாறையின் வளைவையும் வானத்தின் நிறத்தையும் உள்ளவாறே எழுதினார். ஆனால் எதை எழுதுவது, எதை விடுவது என்பதைச் சித்திரக்காரர் தெரிந்தெடுக்கின்றார். தம் நாட்டு வெற்றியின் பின்னால் வந்தவர், அவ்வெற்றியால் அமைதி பிறந்ததாகவே கண்டார் போலும். கண்ணின் உண்மை வேறு. முழு உண்மை வேறு. இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதல் சரித்திரம் கற்பார்க்கு இன்றியமையாதது.

பாராமகாலையும் பெங்களூரையும் கண்டபின் இருவரும் தெற்கே திரும்பினர். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, மதுரைத் திருமலை நாயக்கர் மண்டபம், பாபநாசத்து அருவி, களக்காட்டுப் பக்கத்து மலைகள், தஞ்சைப் பெரிய கோவில் ஆகியவையெல்லாம் இவர்கள் தூரிகைக்கு உட்பட்டன. ஆண்டின் இறுதிக்குள் சென்னை மீண்டு, மாமல்லபுரத்துக் கற்கோவில்களையும் கோட்டையையும் எழுதினர். 1793-ம் ஆண்டில் கடல்வழியாகப் பம்பாய் சென்று, ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் சித்திரக்காரரோடு எலிபெண்டா முதலிய குகைக் கோவில்களைக் கண்டனர். அங்கிருந்து மஸ்கத் வழியாகத் தரைமார்க்கமே ஊர் திரும்ப எண்ணினர். ஆனால் அவ்வாண்டில் பிரான்சு தேசத்தோடு யுத்தம் மூளவே, அவ்வழி ஆபத்தாயிற்று. ஆகவே திரும்பி வந்து, மறுபடியும் சீனம் சென்று, அங்குத் தூது வந்திருந்த மெக்கார்ட்னி பிரபுவின் கப்பற்கூட்டத்தோடு பிரயாணஞ் செய்து, 1794-ம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தை அடைந்தனர். பதினாறு வயதுச் சிறுவனாகச் சென்ற வில்லியம் இருபத்தைந்து பிராயத்து வாலிபராகத் திரும்பினார்.

வேறொருவராயின் இத்தனை அலைச்சலுக்குப்பின் ஓய்ந்திருப்பர். இவர்களுக்கோ மெய்யான உழைப்பு அப்பொழுதே ஆரம்பமாயிற்று. 1795 முதல் 1808 வரை பதின்மூன்று ஆண்டுகள், கொண்டுவந்த நீர்வர்ணப் படங்களையும் பென்சிற் கோடுகளையும் செப்புத் தகடுகளில் ஏற்றிக்கொண்டிருந்தனர். கீழ்த்திசைக் காட்சிகள் என்னும் பெயரால் ஆறு தொகுதிகளில் 144 படங்கள் வெளிவந்தன. முழுத்தொகுதியின் விலை 210 பவுன், எளியோர் வாங்கத்தக்கதன்று. ஆயினும் அதன் பயன் செல்வர் இல்லங்களோடு நிற்கவில்லை. ஸ்டாபோர்ட்ஷயர் குயவர்கள் அப்படங்களைப் பார்த்து நீல வர்ணத்தில் தட்டுகளிற் பதித்தனர்; இந்திய மண்டபங்களும் மரங்களும் ஆங்கிலேயரின் சாப்பாட்டு மேசையில் ஏறின. ஸெஸிங்கோட் என்னும் இடத்தில் இந்திய முறையில் ஒரு மாளிகை எழுந்தபோது, அதன் தோட்டத்துக் கட்டடங்களுக்குத் தாமஸே மாதிரி வகுத்தார். பிரைட்டனில் இளவரசருக்காகக் கட்டப்பட்ட மாளிகையும் அவ்வலையில் எழுந்ததே. தாமஸ் 1799-ம் ஆண்டில் ராயல் அகாடமியின் முழு அங்கத்தினரானார். வண்டிக் கதவுக்கு வர்ணம் பூசியவர்க்கு இது சிறிய உயர்வன்று.

வில்லியமும் பெரும்புகழ் எய்தினார். பிரிட்டன் தீவின் கரையோரமெல்லாம் சுற்றி, 1814 முதல் 1825 வரை 308 படங்களை வெளியிட்டார். அவருடைய தம்பியாகிய ஸாமுவேலும் சித்திரக்காரரே. அவர் இலங்கை சென்று, அத்தீவின் காடுகளையும் விலங்குகளையும் எழுதி, 1811-ம் ஆண்டில் அங்கேயே காலமானார். குடும்பத்தார் மூவரும் கடலைத் தாண்டியவர்கள், ஒருவர் மீளவில்லை.

1837-ம் ஆண்டு ஆகஸ்டில் வில்லியம் இறந்தார். அறுபத்தெட்டு வயதில் மாணாக்கர் போக, எண்பத்தெட்டு வயதில் ஆசிரியர் எஞ்சினார். பத்து வயதில் கையைப் பிடித்து அழைத்து வந்த பிள்ளையைப் பறிகொடுத்த அம்முதியவரையே அடுத்த ஆண்டுக் காட்சிக்கு வந்த படத்திற் காண்கின்றோம். வில்கி பிறந்தது 1785-ம் ஆண்டில்; அதாவது டேனியல் முதன்முதற் கப்பலேறிய ஆண்டில். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்து கிடத்தலை ஸர் டேவிட் பெயர்டு காணும் பெரும்படத்தை வில்கி எழுதியதும் ஏறக்குறைய அக்காலத்திலேதான். அது 1839-ல் காட்சிக்கு வந்தது. யுத்தத்தின் கடைசிக் காட்சியை எழுதியவரும், யுத்தம் நடந்த மலைகளை எழுதியவரும் இவ்வாறு எதிரெதிர் அமர்ந்தனர். தாமஸ் 1840-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ம் தேதி, தொண்ணூறு பிராயத்தின் எல்லையில், லண்டனிற் காலஞ்சென்றார். வில்கியும் நெடுநாள் இருக்கவில்லை. கீழ்த்திசைப் பிரயாணத்தினின்று மீளும் வழியில், 1841-ம் ஆண்டு ஜிப்ரால்டர் அருகே கப்பலிலேயே உயிர் நீத்தார்; அவர் உடல் கடலில் அடக்கஞ் செய்யப்பட்டது. கடலோடியின் உருவத்தை எழுதியவரைக் கடலே கொண்டது.

டேனியல்களின் படங்கள் இன்று பலவிடங்களிற் பாதுகாக்கப்படுகின்றன. அவர்களுடைய எண்ணெய் வர்ணப் படங்களைக் கல்கத்தாவிலுள்ள விக்டோரியா நினைவு மண்டபத்திற் காணலாம். நீர்வர்ணப் படங்களும் அச்சுப் படங்களும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூல்நிலையத்தில் மிகுதி. 1990-களில் அந்தோனியோ மார்ட்டினெல்லி என்னும் இத்தாலியப் புகைப்படக்காரர் டேனியல்கள் நின்ற இடங்களைத் தேடிச் சென்று, அதே காட்சிகளைப் படமெடுத்து ஒப்பிட்டுக் காட்டினார்.

மாணவ நண்பர்களே! நம் மாவட்டத்திலும் அண்டை மாவட்டத்திலும் பாறையைப் பிளந்து பலகையாக்கி விற்பது பெருந்தொழிலாகிவிட்ட காலம் இது. ஒரு தலைமுறை கண்ட குன்று அடுத்த தலைமுறைக்கு எஞ்சுமென்று உறுதி கூறுவார் இல்லை. அந்நியர் ஒருவர் ஆயிரக்கணக்கான காதம் கடல் கடந்து வந்து, கோடை வெயிலில் நின்று, நம் மலைகளை எழுதிச் சென்றார். அவர் மலையைக் கண்டார். அடிவாரத்து மனிதரின் துயரைக் காணவில்லை. அவர் விட்டதை எழுதுவதற்கு, இம்மண்ணிற் பிறந்து இம்மனிதரோடு வாழும் நம்மிலும் தகுதியுடையார் யாவர்? இதற்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. ஒரு தாளும் சிறிது வர்ணமும் கிண்ணத்தில் நீரும் போதும். டேனியலிடமிருந்து பொறுமையைக் கடனாகப் பெறுவோம். கண்டதைக் கண்டவாறு எழுதும் நேர்மையையும் பெறுவோம். அவர் பார்வைக்கு எட்டாது நின்ற குடியானவரையும் பல்லக்குச் சுமந்தவரையும் நம் படங்களிற் பெயரோடு நிறுத்துவோமாக.